அரியணைக்கு இருவர், வாசலில் படை



ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் மகாலை நம்மில் பலர் பார்த்திருப்போம். ராஜபாளையத்திலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரப் பயணம்தான். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர் அவர். அந்த அரசமரபு எப்படி முடிந்தது என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

1732-இல் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையின்றி இறந்தார். அரசி மீனாட்சி உறவினரான வங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்து ஆட்சியை ஏற்றார். வங்காரு திருமலையோ அரியணை தனக்கே என்றார். அடுத்தவர் யார் என்று தீர்க்க இருதரப்பும் ஏற்ற முறை இல்லை. எனவே ஆற்காட்டு நவாபின் படை உள்ளே வந்தது. நவாபின் மருமகன் சந்தா சாகிப், அரசியைக் காப்பதாக வாக்களித்துத் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் நுழைந்தார். பின்பு அரசியையே சிறை வைத்தார். அவர் நஞ்சருந்தி இறந்ததாகச் சொல்லப்படுகிறது. பூனைகள் அப்பம் பங்கிடக் குரங்கை அழைத்த கதைதான்.

அதன்பின் அரசன் யார் என்பதைப் படையே தீர்மானித்தது. 1741-இல் மராத்தியர், 1743-இல் நிஜாம், பின்பு நவாபும் கம்பெனியும். மதுரையை நிர்வகிக்க அமர்த்தப்பட்ட படைத்தலைவர் யூசுப்கான் தாமே ஆளத் துணிந்து, 1764-இல் தூக்கிலிடப்பட்டார்.

நம் வட்டாரப் பாளையங்களுக்கு ஒரே கேள்வி: கப்பத்தை யாருக்குக் கட்டுவது? கட்டாவிட்டால் படை வரும். கட்டினாலும் அடுத்து வருபவர் மறுபடி கேட்பார். மறுத்து நின்ற பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் 1761-இல் வீழ்ந்தது. இறுதியில் 1801-இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமானது. உழுதவனின் களத்து நெல்தான் எல்லாப் படைக்கும் சோறு போட்டது.

நாயக்கர் காலத்துச் செய்திகள் பலவற்றை மதுரை மிஷன் இயேசு சபைக் குருக்களின் கடிதங்களே நமக்குத் தருகின்றன. அரசர்களின் போரோடு ஏழைகளின் பசியையும் அவர்கள் எழுதி வைத்தார்கள்.

இது பழங்கதை மட்டுமல்ல. மன்னர் உள்ள தாய்லாந்தில் 2014-இல் சச்சரவைத் தீர்க்க என்று வந்த இராணுவம், 2019 வரை தேர்தல் நடத்தவில்லை.

தகப்பன் சொத்தைப் பிரிக்க அண்ணன் தம்பி அடியாளை அழைத்தால் வீடு யாருக்கு மிஞ்சும்? நாட்டுக்கும் அதுவே பொருந்தும். யார் ஆள்வது என்பதை அமைதியாக மாற்றும் முறை நம் கையில் வாக்குச் சீட்டாக இருக்கிறது. அதை அற்பமாக எண்ணவோ விற்கவோ வேண்டாம்.