குறிக்கோளும் அன்றாட உழைப்பும்



கல்வியாண்டின் தொடக்கத்தில் நாங்கள் எல்லோரும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதினோம். ஒருத்தி 450 என்று எழுதினாள்; மற்றொருத்தி 480 என்று எழுதினாள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் 480 எழுதிய தோழி, "எனக்குக் கணக்கே வராது" என்று அழுதுகொண்டே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாள். குறிக்கோள் வைத்தது தவறா? இல்லை, அதை வைத்த விதம்தான் தவறு.

இதற்கு நம் ஊர்ப்பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. அம்பத்தூரை அடுத்த பாடியைச் சேர்ந்த சதுரங்க வீராங்கனை வைஷாலியை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் 2500 தரப்புள்ளிகளைக் கடந்து, ஹம்பி, ஹரிகா ஆகியோருக்குப் பின் கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்ற மூன்றாவது இந்தியப் பெண் அவர். 2024 ஏப்ரலில் கனடாவின் டொரான்டோ நகரில், மகளிர் உலகப் பட்டத்துக்கு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் கலந்துகொண்டார். மொத்தம் 14 சுற்றுகள். இடையில் தொடர்ந்து 4 ஆட்டங்களில் தோற்றார். 9 சுற்றுகள் முடிந்தபோது அவரிடம் இருந்தவை இரண்டரைப் புள்ளிகளே. முதலிடம் எட்டாத தூரத்தில் இருந்தது. ஆயினும் எஞ்சிய 5 ஆட்டங்களிலும் அவரே வென்றார்! ஏழரைப் புள்ளிகளுடன், இரண்டாம் இடத்தில் சமமாக நின்ற மூவருள் ஒருவரானார்.

சதுரங்கம் நமக்குக் கற்பிப்பது இதுதான். எதிராளியின் காய் நம் கையில் இல்லை. நாம் நகர்த்தும் காய் மட்டுமே நம் கையில் உள்ளது. ஆடுவோர் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதுகிறார்கள். தோற்றவர் அதைப் பார்த்து, எந்த இடத்தில் பிசகினோம் என்று கண்டுகொள்ளலாம்.

நம் விடைத்தாளும் அத்தகையதே. மதிப்பெண் "எவ்வளவு" என்று மட்டும் சொல்லும். விடைத்தாள் "எங்கே" என்று சொல்லும். 480 என்பது போக வேண்டிய திசையைக் காட்டும். ஆனால் இன்று மாலை என்ன செய்வது என்று சொல்லாது. எனவே நாங்கள் குறிக்கோளை மாற்றி எழுதினோம்: "தினமும் மாலை 6 மணிக்கு 5 கணக்குகள். தவறியவற்றைத் தனி நோட்டில் எழுதி, மறுநாள் மீண்டும் போட வேண்டும்." ஆவடியிலிருந்து ரயிலில் வரும் தோழிக்கு மாலை நேரம் ஒத்துவரவில்லை, அவள் விடியற்காலை 5 மணியைத் தேர்ந்துகொண்டாள். வேலை சிறியதாகவும், நேரம் குறித்ததாகவும், செய்தோமா இல்லையா என்று நாமே சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

அரையாண்டுத் தேர்வில் அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. பக்கத்தைக் கிழித்த தோழிக்குக் கணிதத்தில் 12 மதிப்பெண்கள்தாம் கூடின. ஆனால் இம்முறை அவள் அழவில்லை. விடைத்தாளைப் புரட்டி, "எனக்கு வடிவியல் வந்துவிட்டது, கூட்டலில் அவசரப்பட்டுவிட்டேன்" என்றாள். "கணக்கே வராது" என்ற சொல் அவள் வாயிலிருந்து மறைந்துவிட்டது. இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

அன்பான பெற்றோரே, "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "இன்று எந்தக் கணக்கு புரிந்தது?" என்றும் எங்களைக் கேளுங்கள். தோழியரே, முடிவை எண்ணி அஞ்சாமல் இன்றைய வேலையை இன்றே செய்வோம். பொதுத் தேர்வை நம்பிக்கையுடன் எதிர்கொள்வோம்!