ஓட்டிசம் உள்ள பிள்ளையும் எங்கள் அன்றாட வாழ்க்கையும்



இலண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் நான் உதவி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பாடசாலை வாசலில் எங்கள் தமிழ்த் தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "கடைக்குள்ள விழுந்து கிடந்து கத்துறான். சனமெல்லாம் பாக்குது. என்ன செய்யிறது ரீச்சர்?" இந்த மாத உரையில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

யாருடைய குற்றம்?

பதிலுக்கு முன் மனதில் உள்ள பாரத்தை இறக்கி வைக்க வேண்டும். ஓட்டிசம் நோயல்ல. அது பிறப்பிலிருந்தே மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் இது பரவலாக அறியப்பட்டது. அதன்பின் பல வருடங்கள், தாயின் அன்புக் குறைவே காரணம் என்று படித்தவர்களே சொல்லித் திரிந்தார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான பேர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் எழுதிய நூல் அந்தப் பழியை உடைக்க உதவியது. தடுப்பூசிதான் காரணம் என்று 1998இல் கிளம்பிய கதையும் பொய்த்துப் போய், அந்தக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே 2010இல் அதனை மீளப் பெற்றுக்கொண்டது.

ஆகவே "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டியள்" என்று யாராவது சொன்னால் அதை மனதில் எடுக்காதீர்கள்.

குழப்படியும் தாங்க முடியாமையும்

பொம்மைக்காக அழும் பிள்ளை, இடையிடையே நீங்கள் பார்க்கிறீர்களா என்று கவனிக்கும். பொம்மை கிடைத்தால் அழுகை நிற்கும். அது குழப்படி. ஓட்டிசம் உள்ள பிள்ளை கடைக்குள் கத்துவது பெரும்பாலும் வேறு. வெளிச்சம், இரைச்சல், மணம், சனநெரிசல் எல்லாம் ஒன்றுசேர்ந்து தாங்க முடியாத எல்லைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் எதைக் கொடுத்தாலும் அடங்காது. பிள்ளை நினைத்தாலும் நிறுத்த முடியாது.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. நவம்பர் 5ஆம் திகதி இரவு இங்கே வாணவெடி கொளுத்துகிறார்கள். அது வெடிதான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்து வந்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் சத்தத்திலேயே நெஞ்சு பதறுகிறது? "சும்மா இரு" என்று ஒருவர் அதட்டினால் அந்தப் பதற்றம் அடங்குமா? பொதுக் கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரமும், கலியாண மண்டபத்து ஒலிபெருக்கியும் இந்தப் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில. கதையைக் குறையுங்கள். கேள்வி கேட்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். தலை அடிபடக்கூடிய பொருட்களை அகற்றி, முடிந்தால் அமைதியான இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆபத்து இருந்தால் ஒழிய இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அடங்கிய பின் தண்ணீர் கொடுங்கள். தண்டனை வேண்டாம். பார்த்துக்கொண்டு நிற்கும் சனத்துக்கு "பிள்ளைக்கு ஓட்டிசம்" என்ற ஒரு வசனம் போதும்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

அடுத்த தடவை வராமல் தடுப்பதுதான் பெரிய வேலை. அதற்கு ஒரு சாதாரணக் கொப்பி போதும். ஒவ்வொரு முறையும் மூன்று விடயங்களை எழுதுங்கள். முன்னர் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தது? பின்னர் என்ன கிடைத்தது? இரண்டு வாரம் எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாயின் மகன், பாடசாலை விட்டு வரும் வழியில் சில நாட்களில் மட்டும் றோட்டில் படுத்துவிடுவான். அவர் எழுதிப் பார்த்தார். தமிழ்க் கடைக்குப் போவதற்காக வழமையான பாதையை விட்டுத் திரும்பிய நாட்களில்தான் அது நடந்திருந்தது. கடையை ஒரு படம் எடுத்து, அன்று கடைக்குப் போவதென்றால் பாடசாலை வாசலிலேயே அந்தப் படத்தைக் காட்டத் தொடங்கினார். முதலில் கடை, பிறகு வீடு. சில வாரங்களில் படுப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. அவனுக்குத் தேவைப்பட்டது அடுத்து என்ன நடக்கும் என்ற தகவல். எதிர்பாராத மாற்றம் வரும்போது, அதைக் கேட்க வார்த்தை இல்லாத பிள்ளை உடம்பால்தான் கேட்கும்.

படங்களை வரிசையாக ஒட்டி நாளின் ஒழுங்கைக் காட்டும் முறையை அமெரிக்காவில் எரிக் ஷொப்ளர் என்பவரின் குழு 1970களில் வளர்த்தெடுத்தது. பல பாடசாலைகளில் இன்றும் அது பாவனையில் உள்ளது. எழும்புதல், பல் தீட்டுதல், உடுப்பு, பாடசாலை என நான்கு படங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாலே காலைச் சண்டை பாதி குறையும்.

சாப்பாடு, அடித்தல், ஓடுதல்

வெறும் சோறும் ஒரே வகை பிஸ்கற்றும் மட்டும் சாப்பிடும் பிள்ளைகள் பலர். கறியின் மணமும், குழைத்த சோற்றின் தன்மையும் அவர்களுக்கு ஒவ்வாதிருக்கலாம். வாய்க்குள் திணிக்காதீர்கள். பிடித்த சாப்பாட்டின் பக்கத்தில், அதில் படாமல், புதியதைச் சிறிதளவு வையுங்கள். தொட்டுப் பார்த்தாலே முதல்படி. சாப்பிடும் வகைகள் வரவரக் குறைந்தால், அல்லது நிறை குறைந்தால், குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அடிப்பதோ கடிப்பதோ திடீரென அதிகரித்தால், முதலில் உடம்பில் நோ இருக்கிறதா என்று பாருங்கள். பல்லுக்கொதி, காதுக்குத்து, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை அடித்துத்தான் காட்டும். நோ இல்லையென்றால் கொப்பியைப் பாருங்கள். "போதும்" என்பதற்கு ஒரு படமோ கைச்சைகையோ பழக்குங்கள். அதைக் காட்டியதும் உடனே நிறுத்துங்கள். அப்போதுதான் கையால் அடிப்பதை விட இது பலிக்கும் என்று பிள்ளை அறியும்.

வீட்டை விட்டு ஓடும் பிள்ளை இருந்தால் வாசல் கதவில் உயரத்தில் ஒரு பூட்டுப் போடுங்கள். ஆனால் தீ விபத்து நேரத்தில் பெரியவர்கள் அதை உடனே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அயலவருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளையைக் காணவில்லையென்றால் உடனே பொலிசை அழையுங்கள். குளம், ஆறு, நீச்சல் தடாகம் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். இந்தப் பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும்.

தமிழை விடாதீர்கள்

"பிள்ளைக்கு ஒரு மொழி போதும், வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கள்" என்று சில குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாகும் என்று இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மாவுக்கும் அன்பு காட்டவும் ஆறுதல் சொல்லவும் வாயில் வருவது தமிழ்தான். அதைப் பறித்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே பிள்ளை தனித்துப் போகும்.

உதவி கேட்கத் தயங்க வேண்டாம்

அலுவலகம் என்றாலே எங்களில் பலருக்குப் பயம். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையின் கல்வித் தேவைகளை மதிப்பிடும்படி உள்ளூராட்சிச் சபையிடம் நேரடியாகக் கேட்கும் உரிமையைப் பெற்றோருக்கும் கொடுத்தது. கடிதமாகக் கேட்டு, பிரதியை வைத்திருங்கள். பிள்ளையின் பராமரிப்புக்கான அரச உதவிப்பணத்துக்கு அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். அரச உதவி பெற முடியாது என்று வீசாவில் குறிக்கப்பட்டவர்கள் முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

கடைசியாக, இப்படிப் பிள்ளை இல்லாத நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சனம் என்ன சொல்லும்" என்று பயந்து பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் எல்லாவற்றையும் விட்டு, நாலு சுவருக்குள் இருக்கும் குடும்பங்கள் எங்கள் நகரத்தில் உண்டு. ஊரை இழந்து வந்த எங்களுக்கு இங்கே சனம்தான் ஊர். அடுத்த கொண்டாட்டத்துக்கு அவர்களையும் அழையுங்கள். "பிள்ளைக்கு அமைதியான அறை ஒன்று வேணுமோ? நேரத்தோட வந்து நேரத்தோட போறது வசதியோ?" என்று முன்கூட்டியே கேளுங்கள். வந்ததும் "மாமாவின்ர முகத்தைப் பாத்து வணக்கம் சொல்லு" என்று பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பிள்ளை தன் பாட்டில் ஒரு மூலையில் இருந்தாலும், அதுவும் உங்கள் வீட்டு விருந்தாளிதான்.

அடுத்த மாத உரையில் இந்தப் பிள்ளைகளின் நித்திரைப் பிரச்சினை பற்றிப் பேசுவோம்.