எலும்பு பிடித்துக்கொள்ளும் உலோகம்

மலேசியாவில் செனாய், கூலாய் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக்கட்டுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொட்டுள்ள பட்டைத் துண்டைக் கன்றின் தண்டில் பொருத்தி, இறுகச் சுற்றிவிட்டு, சுமார் மூன்று வாரம் தொடாமல் விடவேண்டும். அசைந்தால் ஒட்டாது. சிமெண்ட் இல்லாமல் பொருத்தும் செயற்கை இடுப்பு மூட்டின் கதையும் ஏறத்தாழ இதுதான்.

1960களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டை அக்ரிலிக் சிமெண்டால் நிலைநிறுத்தினார். அது சில நிமிடங்களில் இறுகிவிடும். சிமெண்ட் இல்லாத முறையில் மருத்துவர் எலும்பைச் சற்றே குறுகலாகக் குடைந்து, தண்டைச் சுத்தியால் தட்டி இறக்குகிறார். மீதியை எலும்புதான் செய்தாக வேண்டும்.

செய்யும் என்பதற்கான துப்பு 1950களில் ஸ்வீடனில் கிடைத்தது. முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் பெர் இங்வார் பிரோனிமார்க். வேலை முடிந்து கழற்றப்போனால் வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது.

தண்டைச் சுற்றி முதலில் இரத்தம் உறைகிறது. அந்த உறைவுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன; அவற்றைத் தொடர்ந்து எலும்பு கட்டும் செல்கள் வருகின்றன. ஒழுங்கில்லாத இளம் எலும்பு சில வாரங்களில் உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகளுக்குள் புகுந்து, பிறகு மாதக்கணக்கில் கெட்டிப்படுகிறது. துளை 50 முதல் 400 மைக்ரான் வரை இருந்தால் நல்லது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளை மிகச் சிறுத்தால் இரத்தக் குழாய் நுழைய வழியில்லை.

எல்லாவற்றையும் கெடுப்பது அசைவு. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது. அதில் தண்டு 40 மைக்ரானுக்குள் ஆடினால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் அந்த இடத்தில் தழும்பு போன்ற நார்த்திசுதான் வளரும். தண்டு தளர்ந்து, தொடை வலிக்கத் தொடங்கும்.

இந்த நுண்ணசைவைக் கணினியில் கணக்கிட்டவர்கள் தொலைவில் இல்லை. செனாய்க்குப் பக்கத்தில், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முகமது ரஃபீக் அப்துல் காதிர் அதை ஆராய்ந்தார். இடுப்பு மூட்டின் விசையியல் பற்றி நூலும் எழுதியிருக்கிறார். தண்டின் வடிவத்தை மாற்றினால் எந்த இடத்தில் எவ்வளவு ஆடும் என்பதை, நோயாளியின் உடலில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே இப்படிக் கணித்துவிடலாம். விளம்பரமில்லாத வேலை, ஆனால் உண்மையான பயன் இங்கேதான்.

சிமெண்ட் இல்லாதது எல்லாருக்கும் உயர்ந்தது என்று நினைக்கவேண்டாம். எலும்பு தேய்ந்து மெலிந்த முதியவர்களுக்குத் தட்டி இறக்கும்போதே எலும்பு விரிசல் விடலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் சிமெண்ட்தான் பாதுகாப்பு. எந்த முறையானாலும், முதல் வாரங்களில் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்று மருத்துவர் சொல்கிறாரோ அதை மீறாதீர்கள். புகைப்பவர் என்றால் அறுவைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். புகை எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும்.