பார்லி விளையாத ஊரில் கேழ்வரகு!

கால் வீக்கமா? "பார்லி கஞ்சி வச்சுக் குடிம்மா" என்று சொல்லாத பாட்டி நம்ம ஊரில் உண்டா? சேலம் அம்மாபேட்டை மளிகைக் கடைகளில் பார்லி பாக்கெட் கிடைக்கிறது. ஆனால் அது இந்தப் பக்கத்து வயலில் விளைந்தது இல்லை. வாற்கோதுமை என்னும் பார்லி குளிர்காலப் பயிர். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களில்தான் அதிகம் பயிராகிறது. சேலம், நாமக்கல் சமவெளி வெயில் அதற்கு ஒத்துவராது.

பார்லிக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது 'மால்ட்'. அதாவது முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவு. அந்த வேலையை அழகாகச் செய்யும் தானியம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. அதுதான் கேழ்வரகு, நம்ம வழக்கில் ராகி.

முளைகட்டினால் என்ன ஆகும்?

ராகியை இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். முளை விட்டதும் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து, வேரைத் தேய்த்து உதறிவிட்டு அரைத்துச் சலித்தால் மால்ட் தயார். முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை உடைக்கிறது. அதனால்தான் முளைகட்டிய மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டியாகாமல் இளகி நிற்கிறது.

இதில் பெரிய விஷயம் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய குழந்தையின் வயிறு சின்னது. சாதாரண மாவு சீக்கிரம் கெட்டியாகிவிடும், உடனே தண்ணீர் சேர்ப்போம். குழந்தை குடிப்பதில் பாதிக்கு மேல் தண்ணீராகவே போய்விடும். முளைகட்டிய மாவு என்றால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைக்கலாம். எடை ஏறாத குழந்தைக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

100 கிராம் ராகியில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பார்லியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அரிசியில் இன்னும் குறைவு. கடையில் டப்பா 'ராகி மால்ட்' வாங்கினால் லேபிளைப் படியுங்கள். முதல் வரியில் சர்க்கரை என்று இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது ராகிக்கு இல்லை! இன்னொன்று, சர்க்கரை நோயாளிகள் ராகிதானே என்று கூழை அளவில்லாமல் குடிக்கக் கூடாது. இதுவும் மாவுச்சத்துதான்.

ஒட்டுக்கட்டச் சிரமமான பூ

ராகிப் பூ மிகச் சிறியது, தன்மகரந்தச் சேர்க்கை கொண்டது. இரண்டு ரகங்களை ஒட்டுச்சேர்ப்பது லேசான வேலை இல்லை. கர்நாடகத்தில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி இந்திய ரகத்தையும் ஆப்பிரிக்க ரகத்தையும் ஒட்டுச்சேர்த்து 'இண்டாஃப்' ரகங்களைத் தந்தார். பெயரிலேயே இந்தியாவும் ஆப்பிரிக்காவும் இருக்கின்றன. மக்கள் அவரை 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தார்கள். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் 1923-லேயே சிறுதானிய இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கோ, பையூர் வரிசை ரகங்களும், திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தல் மையத்தின் ஏ.டி.எல். 1 ரகமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்தவை.

விவசாயியைக் கவிழ்ப்பது குலை நோய். இலையில் தொடங்கி, கழுத்தைப் பிடித்து, கதிர் விரல் வரை போகும். கழுத்தில் வந்துவிட்டால் கதிர் பதராகிவிடும், அப்புறம் மருந்து அடித்துப் பயனில்லை. நடவு முறைக்கு ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். சான்று விதையாக வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வதற்கு ஆகும் செலவு ரொம்பக் குறைவு. உங்கள் வட்டார விரிவாக்க மையத்தில் விதை இருக்கிறதா என்பதை 'உழவன்' செயலியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

விற்கும்போது ஏமாற வேண்டாம்

ஒன்றிய அரசு 2023-24-ல் குவிண்டாலுக்கு ரூ.3,846 என்று அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, 2025-26-ல் ரூ.4,886. கிலோவுக்கு ஏறக்குறைய 49 ரூபாய். களத்துமேட்டில் வந்து நிற்கும் வியாபாரி விலை சொல்லும்போது இந்த எண் உங்கள் மனதில் இருக்கட்டும். சந்தை நிலவரமும் உழவன் செயலியில் உண்டு.

அரசுக் கொள்முதலுக்குக் கொடுப்பதாக இருந்தால் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் கையில் வேண்டும். பட்டா, சிட்டாவை வருவாய்த் துறை இணையதளத்தில் செல்போனிலேயே எடுத்துவிடலாம். நிலையம் எங்கே, எப்போது திறக்கும் என்று வேளாண் உதவி அலுவலரிடம் அறுவடைக்கு முன்பே கேட்டு வைங்க. தானியம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ராகியில் வண்டு, பூச்சி அவ்வளவாக விழாது, நன்கு காய்ந்தது வருடக்கணக்கில் தாங்கும். தட்டை மாட்டுக்குத் தீவனம்.

வாங்கப்படும் ராகி எங்கே போகிறது என்கிறீர்களா? 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. அங்கே வசிக்கும் உறவினர் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை கடைக்குப் போகும்போது கேட்டு வாங்கட்டும்.