உங்களுக்குத் தெரியுமா? ஓய்வுபெற்ற சர்வருக்கும் வேலை உண்டு

அலுவலகக் கோப்புகளைச் சுமக்கும் ஸ்டோரேஜ் சர்வர்கள் பெரும்பாலும் பழுதாகி ஓய்வுபெறுவதில்லை. உத்தரவாதமும் பராமரிப்பு ஒப்பந்தமும் முடிவதால்தான் கழற்றப்படுகின்றன. அவற்றில் அதிகம் தேய்ந்திருப்பவை சுழலும் ஹார்ட் டிஸ்க்குகளே.

கைமாறும் முன் டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்க வேண்டும். கோப்புகளை டெலீட் செய்வது போதாது. பிறகு சர்வரைக் கோப்புச் சேமிப்பகமாக இயக்கும் ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவலாம். அதன் அடித்தளமான இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையை உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2005இல் அதன் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் அது ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும். துண்டு சிதைந்திருந்தால், வேறொரு டிஸ்க்கில் உள்ள நல்ல நகலைக் கொண்டு தானே சரிசெய்யும். இதற்கு, பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் ரெய்டு அட்டை குறுக்கிடாமல், டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும்.

தடை மின்கட்டணம்தான். 200 வாட் இழுக்கும் சர்வர் இரவுபகலாக ஓடினால் 30 நாளில் 144 யூனிட் ஆகும். விசிறி இரைச்சலோ வீட்டுக்குச் சற்றும் ஒவ்வாது. எனவே பழைய சர்வருக்கு மிகப் பொருத்தமான வேலை பேக்கப்: வாரம் ஒருமுறை இயக்கி, நகலெடுத்து, அணைத்துவிடலாம். அணைந்திருக்கும் பெட்டியை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் எட்டாது.

டிஸ்க்கை மாற்றும்போது இணைப்பு வகையைக் கவனிக்க வேண்டும். சர்வர்களுக்கான எஸ்.ஏ.எஸ். வகை டிஸ்க்கைச் சாதாரண கணினியின் சாட்டா இணைப்பில் பொருத்த முடியாது. ஆனால் எஸ்.ஏ.எஸ். சர்வரில் மலிவான சாட்டா டிஸ்க் பொதுவாக ஓடும்.