எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள்

இப்போது கட்டப்படும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில், சுவர் பூசும் முன்பே கணிப்பொறிக்கான கேபிளையும் குழாய்க்குள் இழுத்து வைத்துவிடுகிறார்கள். ஒரு முனை கூடத்தில். மறுமுனை படிக்கும் அறையில். நுனிகள் மட்டும் எதிலும் சேராமல் சுவர்ப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். கூடத்தில் ரூட்டர் இருக்கிறது, அறையில் கணிப்பொறி இருக்கிறது, நடுவே கேபிளும் இருக்கிறது. இரு முனைகளிலும் பிளக்கைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

பொருத்தித்தான் பார்ப்போமே! கேபிளின் மேலுறையைச் சீவினால் உள்ளே எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் துணையாக அதே நிறக்கோடு போட்ட ஒரு வெள்ளைக் கம்பி. பிளக்கிலும் எட்டு முனைகள். 1, 2இல் ஆரஞ்சு ஜோடி, 3, 4இல் பச்சை, 5, 6இல் நீலம், 7, 8இல் பழுப்பு என்று அழகாக வரிசைப்படுத்திச் செருகுகிறோம். மறுமுனையிலும் அதே வரிசைதான். ஒரு பாட்டரியும் சிறு பல்பும் வைத்துச் சோதித்தால் எட்டுக் கம்பிகளிலும் பல்பு எரிகிறது. எதுவும் அறுபடவில்லை, எதுவும் இடம் மாறவில்லை. ஆனால் கணிப்பொறியை மாட்டினால் தொடர்பு வருகிறது, போகிறது. அல்லது வரவே மறுக்கிறது!

மின்சாரம் தடையின்றி ஓடும் கம்பியில் செய்தி ஏன் ஓடவில்லை? விடை, அந்தக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதில் இருக்கிறது.

ஒரு சுற்றின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறினால் அதில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்று ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்ததை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கமாக நேராக ஓடினால், அவற்றுக்கு இடையேயுள்ள பரப்பு நீண்டு ஒடுங்கிய ஒரு சுற்றுதான். அருகே மிக்ஸியோ மின்விசிறியோ ஓடும்போது அதன் மாறும் காந்தப்புலம் இந்தச் சுற்றில் வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். கம்பிகளை முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? நீண்ட சுற்று பல சிறு சுற்றுகளாகப் பிரிகிறது. அடுத்தடுத்த சிறு சுற்றுகள் எதிரெதிர்த் திசையில் அமைவதால், ஒன்றில் தூண்டப்பட்டதை அடுத்தது ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல், முறுக்கிய ஜோடிக் கம்பிக்கு 1881ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

ஜோடியாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கணிப்பொறி ஒரு கம்பியில் மின்னழுத்தத்தை ஏற்றும்போது துணைக்கம்பியில் அதே அளவு இறக்குகிறது. ஒன்றில் +0.5 வோல்ட், மற்றதில் -0.5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 0.2 வோல்ட் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுகிறது. இப்போது +0.7, -0.3. வித்தியாசம் என்ன? அதே 1 வோல்ட்! பெறும் முனை இந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. இரண்டிலும் பொதுவாக வந்த இரைச்சலைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது, பிளக் நுழையும் துளைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு மின்மாற்றி.

கவனியுங்கள்: இந்த ஏற்பாடு முழுவதும், இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஓடினால்தான் பலிக்கும். வீட்டு வலையமைப்பில் செய்தி செல்லும் ஜோடிகள், பிளக்கின் 1-2, 3-6, 4-5, 7-8 ஆகிய முனைகளுக்கு உரியவை. நாம் செருகிய வரிசையில் 3இல் பச்சை ஜோடியைச் சேர்ந்த கம்பி. 6இல் நீல ஜோடியைச் சேர்ந்த கம்பி. கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறிப்போன கதைதான்! காலுக்குச் செருப்பு இருக்கிறது, ஜோடி இல்லை. 3ஆம் கம்பி தன் செய்திக்குத் தொடர்பில்லாத 4ஐச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அதில் கசிவதும் அதனிடமிருந்து வாங்குவதும் இரைச்சலே. பாட்டரியும் பல்பும் இதை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. பாட்டரி தருவது மாறாத மின்னோட்டம். செய்தியோ நொடிக்கு 12.5 கோடி முறை மாறக்கூடியது.

அந்த எண்ணைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு குறிக்கும் கிடைக்கும் நேரம் 8 நானோ நொடி. கேபிளில் மின்குறி நானோ நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே ஒரு குறியின் நீளம் 1.6 மீட்டர். உங்கள் வீட்டுக் கேபிள் 16 மீட்டர் என்றால், எந்த நொடியில் பார்த்தாலும் பத்துக் குறிகள் வரிசையாக அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்! 1999ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட ‘கிகாபிட்’ முறையில் ஒவ்வொரு குறியும் 2 பிட்டுகளைச் சுமக்கிறது; நான்கு ஜோடிகளும் வேலை செய்கின்றன. 12.5 கோடியை 2ஆலும் 4ஆலும் பெருக்கினால் நொடிக்கு 100 கோடி பிட்டுகள்.

சரியான வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தை நடுவில் விட்டு விலகி நிற்பது விசித்திரமாகத் தோன்றும். அது தொலைபேசி விட்டுச்சென்ற வழக்கம். அமெரிக்கத் தொலைபேசிப் பிளக்கில் முதல் இணைப்புக்கு நடு இரண்டு முனைகள். இரண்டாவது இணைப்பு அவற்றின் இருபுறமும். கணிப்பொறி பின்னால் வந்து அந்த இடங்களையே ஏற்றுக்கொண்டது. பிளக் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக்கூடாது. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்துவிடுவோரே மிகுதி!

சில வீடுகளில் சுவருக்குள் இருப்பது பழைய தொலைபேசிக் கேபிள். அதன் கம்பிகள் முறுக்கில்லாமல் தட்டையாக ஓடினால் ஆசையை விட்டுவிடுங்கள். நல்ல தரமான முறுக்குடன் இரண்டே ஜோடிகள் இருந்தால் கிகாபிட் கிடைக்காது. நொடிக்கு 10 கோடி பிட்டுகள் கிடைக்கும். தொலைபேசி இணைப்பு இன்னும் உயிரோடிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகம்.

தொலைபேசிக்காக ஒரே கேபிளை அறை அறையாகக் கிளைவிட்டு இழுத்திருந்தால் அதுவும் உதவாது. மெல்லிய கயிற்றைத் தடித்த கயிற்றோடு முடிந்து உதறினால், முடிச்சில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கேபிளின் மின்மறுப்பு 100 ஓம். கிளை பிரியுமிடத்தில் அது திடீரென்று மாறுவதால் மின்குறியும் அவ்வாறே எதிரொளித்து, பின்னால் வரும் குறிகளோடு மோதும். ஆகவே ஒவ்வொரு அறைக்கும் தனிக்கேபிள். எல்லாம் வந்து சேருமிடம் ரூட்டர். அதில் துளைகள் போதாவிட்டால் ‘நெட்வொர்க் ஸ்விட்ச்’ என்னும் பெட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வீட்டுக்கு அது தாராளம். 230 வோல்ட் கம்பி ஓடும் குழாய்க்குள் இந்தக் கேபிளை நுழைக்கவே கூடாது. அந்தப் பெட்டிகளைத் திறப்பது மின் பணியாளரின் வேலை, உங்களுடையதன்று.

கம்பி பொருத்துகிறவரிடம் மிஞ்சிய கேபிள் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மேலுறையை நீக்கி, நான்கு ஜோடிகளிலும் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை முறுக்குகள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் நான்கு விதமாக இருக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பக்கத்து ஜோடிகளின் முறுக்குகள் ஒன்றுக்கொன்று நேராக அமைந்து, ஒரு ஜோடியின் செய்தி அடுத்ததில் ஈடாகாமல் ஏறிவிடும். வேண்டுமென்றேதான் மாற்றி முறுக்கியிருக்கிறார்கள்.