கட்டத்தின் மேல் ஒரு குறிப்பு



பால் கொட்டகைக் கணக்கில் கிராணி "30" என்று மட்டும் எழுதி வைத்தால் அதற்கு என்ன பொருள்? 30 லிட்டர் பாலா, 30 கிலோ கட்டிப்பாலா? எந்த நாள் நிறுத்தது? நிறுத்தவர் யார்? இந்தக் குறிப்புகளும் எண்ணோடு சேர்ந்திருந்தால்தான் கூலிக் கணக்கு சரியாக வரும். எண் ஒரு தகவல். அதன் பக்கத்தில் உள்ள குறிப்பு, தகவலைப் பற்றிய தகவல். கணினித் துறையினர் இதனை "மெட்டாடேட்டா" என்பர். தமிழில் "மீத்தரவு" என்று வழங்குகிறோம்.

இக்காலக் கணினி நிரல்கள் பல, "பொருள்நோக்கு நிரலாக்கம்" என்னும் முறையில் எழுதப்படுகின்றன. அதில் முதலில் ஒரு வெற்றுப் படிவம் வகுக்கப்படும். அதற்குக் "கிளாஸ்" என்று பெயர். "தொழிலாளி" என்ற கிளாஸில் பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கட்டங்கள் இருக்கும். அக்கட்டங்களே பண்புகள். ஒவ்வோர் ஆளுக்கும் படிவத்தை நிரப்பினால், நிரப்பிய ஒவ்வொன்றும் ஓர் "ஆப்ஜெக்ட்", அதாவது பொருள்.

பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. பிறந்த தேதியை வெளியாருக்குக் காட்டக்கூடாது. இத்தகைய விதிகளை எங்கே எழுதுவது? படிவத்தைச் சேமிக்கும் நிரலில் ஒரு முறை, அச்சிடும் நிரலில் ஒரு முறை, அனுப்பும் நிரலில் ஒரு முறை என்று எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது விட்டுப்போகும். ஆகவே, அந்தந்தக் கட்டத்தின் மேலேயே குறிப்பை ஒட்டிவிடும் வழக்கம் வந்தது. 2002இல் வெளிவந்த மைக்ரோசாப்டின் டாட்நெட்டில் இக்குறிப்பைச் சதுர அடைப்புக்குள் எழுதுவார்கள். ஜாவா மொழியில் 2004 முதல் "அட்" குறியிட்டு எழுதுகிறார்கள். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் நிற்குமே, அதே குறிதான்.

ஒன்றை மறக்கலாகாது. குறிப்பு தானாக எதையும் செய்யாது. பெட்டியின் மேல் "கண்ணாடி, கவனம்" என்று ஒட்டியிருந்தாலும் தூக்குகிறவர் அதைப் படித்தால்தான் கண்ணாடி தப்பும். அதுபோல, வேறொரு நிரல் அக்குறிப்பைப் படித்து நடந்தால்தான் பயன்.

இதற்குக் கண்முன் உள்ள சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் "சிங்பாஸ்" என்ற பெயரை அறிவார்கள். 2003இல் தொடங்கிய அரசாங்க மின் அடையாளம் அது. அதனோடு 2016இல் "மைஇன்ஃபோ" என்னும் சேவை சேர்ந்தது. சிராங்கூன் சாலையில் கடைவேலை பார்ப்பவர் வங்கிக் கணக்குத் திறக்க விரும்பினால், அவர் சம்மதம் கொடுத்ததும் பெயரும் பிறந்த தேதியும் அரசுப் பதிவிலிருந்து வங்கிப் படிவத்திற்கு வந்து சேரும்.

அப்படி வரும்போது பெயர் தனியே வருவதில்லை. மூன்று குறிப்புகள் கூட வருகின்றன. முதலாவது, தகவல் எங்கிருந்து வந்தது என்பது. அரசாங்கம் சரிபார்த்தது என்றால் 1; அவரே கொடுத்தது என்றால் 2. இரண்டாவது, கடைசியாகப் புதுப்பித்த தேதி. மூன்றாவது, அது இரகசியத் தகவல் என்னும் முத்திரை. வங்கியின் நிரல் இவற்றைப் படித்து, எதை அப்படியே ஏற்பது, எதற்குச் சான்று கேட்பது என்று முடிவு செய்யலாம்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. "பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாது" என்பது வெற்றுப் படிவத்திற்கே உரிய குறிப்பு, எல்லாருக்கும் பொது. "இந்தத் தேதியில் புதுப்பித்தது" என்பது நிரப்பிய படிவத்திற்குரியது. ஆளுக்கு ஆள் மாறும். முன்னது கிளாஸின் பண்புக்கு ஒட்டிய குறிப்பு. பின்னது ஒருவரது தகவலுக்கு ஒட்டிய குறிப்பு.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, பள்ளிப் பதிவில் ஓர் எழுத்து, கடப்பிதழில் வேறோர் எழுத்து என்று பெயர் மாறிப்போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. "அரசாங்கம் சரிபார்த்தது" என்ற முத்திரை, பிழையே இல்லை என்று உறுதி கூறுவதில்லை. எங்கிருந்து வந்தது என்றுதான் சொல்கிறது. மூலப் பத்திரத்தில் பிழை இருந்தால், அதே பிழை முத்திரையோடு ஒவ்வொரு படிவத்திற்கும் போகும். வங்கி முகப்பில் நின்று வாதாடிப் பயனில்லை. பதிவு பிறந்த அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். எந்த அலுவலகம் என்று தேட வழிகாட்டுவது அந்தச் சிறு குறிப்பே.

ஆதலால், பிள்ளைகள் கைபேசியில் சம்மதம் கொடுக்குமுன், என்னென்ன விவரங்கள் போகின்றன என்று ஒரு முறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்தைக் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, யார் பார்க்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் எந்தக் கணக்கைக் கண்டாலும் கேட்கப் பழக்குங்கள். செக்ரோலைச் சரிபார்த்துப் பழகிய நமக்கு இது புதிய பாடமன்று.